சனிக்கிழமைக் கணக்கு

சிட்னியில் இப்போது இரவு ஒன்பதரை மணி. லண்டனில் மதியம், டொரொண்டோவில் காலைக் காபி நேரம். விடுமுறை நாளில் நேரலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

இங்கே வழக்கமாக நாவல், கவிதை பற்றித்தான் பேசுவோம். என்னை என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மென்பொருள் எழுதுபவன். கட்டடத்தை வரைகிற மென்பொருள் அல்ல. கட்டியவர்களுக்குப் பணம் கொடுக்கிற மென்பொருள். இங்கே பெரிய நிறுவனம் தன் கையால் ஒரு டைல்கூடப் பதிப்பதில்லை. கான்கிரீட், பிளாஸ்டர், டைல்ஸ், பெயிண்ட் எல்லாவற்றையும் சப் கான்ட்ராக்டர்கள் செய்வார்கள். செய்த வேலைக்கு மாதாமாதம் பில் அனுப்புவார்கள். பெரும்பாலும் அதில் ஒரு பகுதியைப் பின்னால் தருவதாகப் பிடித்து வைப்பார்கள். அந்த பில் உள்ளே வந்து பணமாக வெளியே போகும் வரையிலான பாதைதான் என் வேலை.

என் அப்பா கும்பகோணம் பக்கத்தில் மேஸ்திரி. சனிக்கிழமை சாயங்காலம் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டைப் பிரித்துச் சம்பளம் கொடுப்பார். ஒரு சித்தாள் வந்து நின்றால், "புதன்கிழமை ஏம்மா வரல?" என்பார். "புள்ளைக்குக் காய்ச்சல்ண்ணே." அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்து, ஓரத்தில் 'முன்பணம்' என்று எழுதிக்கொள்வார். நோட்டில் அந்த ஓரம் எப்போதும் இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

சப் கான்ட்ராக்டர் தன் தொழிலாளர்களுக்குக் காப்பீடு கட்டவில்லை என்றால், அந்தப் பொறுப்பு எங்கள் நிறுவனத்தின் தலையில் விழலாம். அதனால் ஒரு விதி எழுதச் சொன்னார்கள்: காப்பீட்டுச் சான்றிதழ் காலாவதியானால் பில்லை நிறுத்து. அரை நாள் வேலை. எழுதிச் சோதித்து ஏற்றிவிட்டு மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, மேஸ் ஹில் முருகன் கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், டைல்ஸ் வேலை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னதும் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்கட கொம்பியூட்டர் ஏழு கிழமையா என்ர காசைப் பிடிச்சு வச்சிருக்கு. கேட்டால் ஒருத்தருக்கும் காரணம் தெரியேல்லை. நாலு பொடியங்களுக்குச் சம்பளம் குடுக்க மனுசியின்ர காப்பை அடைவு வச்சனான்."

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். அவர் புதிய சான்றிதழை நேரத்துக்கே அனுப்பியிருந்தார். அது வேலையை விட்டுப் போன ஒருவருடைய மின்னஞ்சலில் கிடந்தது. என் விதி அதைத் தேடவில்லை. நிறுத்தியதை அவருக்குச் சொல்லவும் இல்லை. திரையில் ஒரே ஒரு சொல்: 'நிறுத்தம்'. யார் நிறுத்தினார்கள் என்ற இடத்தில் 'சிஸ்டம்'. அந்த சிஸ்டம் நான்தான்.

அன்றே பணத்தை விடுவித்தார்கள். விதியை மாற்ற வேண்டும் என்றபோது மேலாளர், "இதனால் நமக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். காப்பைப் பற்றிச் சொன்னேன், தலையை ஆட்டினார். பிறகு நியூ சவுத் வேல்ஸின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். முறையாக பில் வந்தால், குறைத்துக் கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ உள்ள காரணத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்ட முழுத்தொகைக்கும் நாமே பொறுப்பு. விக்டோரியாவிலும் இதுபோல 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மௌனமாக நிறுத்துவது நமக்கே ஆபத்து என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். எந்தச் சொல் அவரை அசைத்தது என்பதை நான் மறக்கவில்லை.

இப்போது பில் நின்றால் காரணம் அன்றைக்கே அனுப்பியவருக்குப் போகும். நிறுத்துவதற்கு ஒரு மனிதர் தன் பெயரைப் போட வேண்டும்.

இலக்கியக் கூட்டத்தில் இதை ஏன் சொல்கிறேன்? தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அதன் கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் கணக்கு இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஊதியப் பட்டியல்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் வெட்டியிருக்கிறார்கள்: ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதி எழுதியவன் மனிதர்கள் சாவார்கள், இடம் மாறுவார்கள் என்று யோசித்திருக்கிறான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருக்கு வரும் கடிதம் என்னவாகும் என்று நான் யோசிக்கவில்லை.

கதை எழுதுகிறவர்கள் ஒரு பாத்திரத்தை எழுதும்போது, இவள் புதன்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொள்கிறீர்கள். அந்தக் கேள்வி எனக்கு அப்பாவின் நோட்டிலேயே கிடைத்திருந்தது. நான்தான் அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போகவில்லை.

பெரியவரைக் கோயிலில் இப்போதும் பார்க்கிறேன். காப்பை மீட்டுவிட்டார். எங்கள் நிறுவனத்துக்கு மட்டும் அதற்குப் பிறகு அவர் வேலை செய்வதில்லை. கேட்டேன். "உங்களில கோவம் இல்லைத் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.