பழைய ஆயில் என்ஜினை இனம் காணுதல்



மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பழைய ஆயில் என்ஜின்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விலை மலிவு என்று அவற்றைத் தேடி வாங்குவோரும் உண்டு. இவ்வாறு விற்பனைக்கு வருபவற்றில் சில, இரண்டு மூன்று என்ஜின்களின் உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டி, மேலே புதுப் பச்சை வண்ணம் அடித்தவை. நான் உழவியல் படித்தவன். ஸ்பானரைவிடக் களைக்கொத்துத்தான் எனக்குப் பழக்கம். என் பெரியப்பா அத்தகைய என்ஜின் ஒன்றை வாங்கிய பிறகே இதைக் கற்றுக்கொண்டேன்.

அது 'லிஸ்டர்' வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் 1929இல் அறிமுகமான, மெதுவாக ஓடும் டீசல் என்ஜின் இது. இதைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்யப்பட்டவை நம் நாட்டில் ஏராளம். 5 குதிரைத் திறன் என்ஜின் நிமிடத்திற்கு 600 சுற்று சுற்றும். சிலிண்டரின் உள்விட்டம் 4½ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5½ அங்குலம். அதே 5 குதிரைத் திறனை 1500 சுற்றில் தரும் சிறிய என்ஜின்களும் நம்மிடம் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு உள்விட்டம் 80 மில்லி மீட்டர்தான். ஆகவே குதிரைத் திறன் ஒன்றாயிருப்பதால் உறுப்புகளும் பொருந்திவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பெயர்த் தகட்டை நம்பி விலை பேச வேண்டாம். அதைக் கழற்றி மாட்டக் கால்மணி நேரம் போதும். ஹெட்டைக் கழற்றச் சொல்லி சிலிண்டரை அளந்து பாருங்கள். கடைசல் பிடித்த சிலிண்டர் சற்றுப் பெரிதாக இருக்கலாம். கால் அங்குலம் பெரிதாக இராது. அடுத்து போல்ட்டுகள். பழைய ஆங்கில அளவில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 மரை. 12 மில்லி மீட்டர் போல்ட்டின் மரை இதைவிட நெருக்கம். ஒன்றின் நட்டு மற்றதில் சரியாகச் சேராது. ஒரே என்ஜினில் இரண்டும் கலந்திருந்தால் எந்த உறுப்பு வெளியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மாறிய உறுப்பெல்லாம் குற்றமல்ல. நாற்பது ஆண்டு ஓடிய என்ஜினில் டீசல் பம்பு மாறாதிருந்தால்தான் வியப்பு.

பெரியப்பாவின் என்ஜினில் மாறியிருந்தது புல்லி. 600 சுற்று என்ஜினைக் கொண்டு 1500 சுற்றுப் பம்பை ஓட்ட, என்ஜின் புல்லி பம்பு புல்லியைப்போல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். பம்பில் 6 அங்குலம் என்றால் என்ஜினில் 15 அங்குலம். அவருடையதில் இரண்டும் 6 அங்குலம். தண்ணீர் வரவில்லை என்று யாரோ கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்கி வேகத்தைக் கூட்டினார்கள். ப்ளைவீலின் சாவி தளர்ந்து, தண்டின் முனை அரைபட்டு, என்ஜின் நின்றது. நிலக்கடலையில் விழுது இறங்கும் தருணம் அது. தண்ணீர் தவறவே கூடாத பருவம்.

உயிர்ச் சேதம் இல்லாததே பெரிது. வேகம் இரண்டரை மடங்கானால் ப்ளைவீலை வெளியே இழுக்கும் விசை ஆறே கால் மடங்காகும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு 600 சுற்றில் வினாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் செல்லும். 1500 சுற்றில் 47 மீட்டர். வார்ப்பிரும்புச் சக்கரத்திற்குச் சுமார் 30 மீட்டருக்கு மேல் ஆபத்து.

ஆகையால் இரு பக்கச் சக்கரங்களும் விட்டத்திலும் விளிம்பின் அகலத்திலும் ஒன்றாக உள்ளனவா என்று அளந்து பாருங்கள். சாவி பதியும் இடத்தின் வண்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்கு துடைத்து, சாக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் ஈரக் கோடு தெரியும். கோடு தெரிந்த சக்கரத்தைப் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு, வேறு ஜோடி கிடைத்த பிறகு என்ஜினின் விலையைப் பேசுங்கள்.