மேர்த் தீவின் நிழற்படங்கள்



அவுஸ்திரேலியாவின் வட முனைக்கும் நியூகினிக்கும் இடையே கிடப்பது தோறஸ் நீரிணை. அதன் கீழ்த்திசையிலே மேர் என்னும் சிறு தீவு உண்டு. மெலனீசிய மரபினர் அங்கே தோட்டமிட்டும் மீன் பிடித்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

பவளப் பாறைகளை ஆராய 1888ஆம் ஆண்டில் அந்நீரிணைக்குச் சென்றார் அல்பிரட் ஹடன் என்னும் விலங்கியலறிஞர். பாறைகளைக் காணப் போனவரின் உள்ளம் மனிதர்பாற் சென்றது. 1871இல் கிறித்தவ சமயம் வந்தபின் பழைய சடங்குகள் அருகிவிட்டன. அவற்றை அறிந்த முதியோரும் மறைந்துகொண்டிருந்தனர். எஞ்சியதையேனும் பதிந்துவைக்க எண்ணி, 1898இல் ஆறு அறிஞருடன் அவர் மீண்டும் வந்தார். அவருள் ஒருவரான செலிக்மன், பின்னர் இலங்கை வேடரை ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டவர்.

அக்குழுவினர் நிழற்படங்களோடு சலனப்படமும் எடுத்தனர். அதிலே மாலோ என்னும் சடங்கின் முகமூடி ஆட்டம் இடம்பெறுகின்றது. ஆனால், பழைய முகமூடிகள் அப்போது இல்லை. ஹடன் காகித அட்டை கொடுக்க, தீவினர் நினைவிலிருந்து அவற்றைச் செய்தனர். ஆகவே, இது 1898இன் அன்றாட வாழ்க்கை என்று கொள்வோர் பிழைபடுவர். எனினும், அதனைப் பொய்யென்று தள்ளுவதும் தகாது. அட்டை புதிது, அதனை வெட்டிய கையின் அறிவோ பழையது.

ஹடன் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த படங்களைத் தீவினருக்குக் காட்டியபோது, இறந்துபோன உறவினரைக் கண்டு முதியோர் கண்ணீர் உகுத்தனர். நமக்கு ஆராய்ச்சிப் பொருளாகத் தோன்றுவது, அவர்களுக்குத் தந்தையின் முகம் அன்றோ?

குழுவிலிருந்த ரிவர்ஸ் என்பார், யார் யாருக்குப் பிள்ளை என்று கேட்டு, தீவினரின் வம்சாவளியை எழுதிவைத்தார். அது வீண்போகவில்லை. எடி மாபோவும் வேறு நால்வரும் 1982இல் தொடுத்த நில உரிமை வழக்கில் அவ்வேடுகளும் சான்றாயின. 1992ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், தீவின் நிலம் மேர் மக்களுக்கே உரியதென்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் காண மாபோ உயிரோடிருக்கவில்லை.

பெயரற்ற படம் வேடிக்கைப் பொருள். பெயரும் உறவும் அறியப்பட்ட படம் ஒரு குடும்பத்தின் முதுசொம். நம் வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகளிலும் பழைய படங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ளோரை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு எழுதிவைப்போமாக.