கூகைக் குஞ்சு கீழே விழுந்தால்...

சம்பளம் கேட்காமல் ராத்திரி முழுக்க வயலைக் காவல் காக்கிற ஒரு ஆள் உங்கள் ஊரில் இருக்கிறான். அவனுக்குப் பெயர் கூகை. வெள்ளை முகம், அடிவயிறும் வெள்ளை, முதுகு மட்டும் பொன்னிறம். முகத்தைப் பார்த்தால் அரசிலையை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். சில ஊர்களில் சாக்குருவி என்றும் சொல்வாங்க. இந்தக் கூகையின் குஞ்சு பொந்திலிருந்து விழுந்தாலோ, அடிபட்டுக் கிடந்தாலோ என்ன செய்யவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

"ஏங்க, அது வீட்டு மேலே உட்கார்ந்து கத்தினால் சாவு விழும் என்பார்களே, அதைப் போய்க் காப்பாற்றச் சொல்கிறீர்களே?" என்று கேட்பீர்கள். கூகை வீட்டுப் பக்கம் வருவதற்குக் காரணம், உங்கள் வீட்டுக் குதிரிலும் வைக்கோல் போரிலும் எலி இருப்பதுதான். எலி இருக்கிற இடத்துக்கு அது வரும். அதற்கும் நம் ஆயுசுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

கூகை பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும். பறக்கும்போது இறக்கைச் சத்தமே கேட்காது. கும்மிருட்டிலும் எலியின் காலடிச் சத்தத்தை வைத்தே குறி தவறாமல் பிடித்துவிடும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கறுப்பு உருண்டையாக வாய் வழியே கக்கும். காவிரி டெல்டாவில் இந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவை பெரும்பாலும் வயல் எலி, சுண்டெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் எலும்புகளே.

ஒரு ஜோடிக் கூகை, அதற்கு 4 குஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு எலி என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 6 எலி ஆகிறது. குஞ்சு பறக்கக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய 2 மாதம் ஆகும். 60 ராத்திரிக்கு 360 எலி! வளர்கிற குஞ்சு ஒன்றுக்கு மேலேயே சாப்பிடும். எலியோ மூன்று வாரத்தில் குட்டி போடுகிற ஜாதி. இந்த 360-ம் உயிரோடு இருந்து பெருகினால் உங்கள் கதிரில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

குஞ்சு ஏன் கீழே வருகிறது?

கூகை கூடு கட்டாது. பட்டுப்போன தென்னை, பனை மரப் பொந்து, ஆலமரப் பொந்து, பாழடைந்த வீடு, கோயில் கோபுரம், பழைய கிணற்றுச் சுவரில் உள்ள குழி இவற்றில் முட்டையிடும். அந்த மரத்தை வெட்டினால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டாவில் தென்னை மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அந்த மாதிரிப் புயலில் பொந்து மரங்களும் சேர்ந்துதான் போகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கூகை முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் ஒரே பொந்தில் மூத்தது பெரிதாகவும், கடைக்குட்டி சின்னதாகவும் இருக்கும். இரை பற்றாத காலத்தில் இந்தத் தள்ளுமுள்ளில் ஒன்று வெளியே விழுந்துவிடும்.

பொந்துக்குள் புஸ் புஸ் என்று சீறும் சத்தம் கேட்டால் பாம்பு என்று நினைத்துத் தீ வைத்துவிடாதீர்கள். கூகைக் குஞ்சு பசியில் போடும் சத்தமும் அப்படித்தான் இருக்கும். முதலில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது

மைனாக் குஞ்சோ குருவிக் குஞ்சோ இறகு முளைத்துத் தரையில் தத்திக்கொண்டிருந்தால் அதைத் தொடவேண்டாம். தாய் பக்கத்தில் இருந்து தரையிலேயே ஊட்டும். நாயும் பூனையும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கூகை விஷயம் வேறு. கீழே விழுந்த குஞ்சைத் தாய்க் கூகை பெரும்பாலும் தேடி வந்து ஊட்டுவதில்லை. அதை நாம்தான் மேலே ஏற்றவேண்டும்.

குஞ்சைத் துணியால் மூடித் தூக்குங்கள். சின்னதாக இருந்தாலும் நகம் கூர்மை, கையைக் கிழித்துவிடும். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, இறக்கையை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாகப் பாருங்கள். ரத்தம் வருகிறதா? ஒரு பக்கத்து இறக்கை தொங்குகிறதா? காலை ஊன்றுகிறதா? எறும்பு மொய்க்கிறதா? ஈ முட்டை வைத்திருக்கிறதா? உடம்பு சில்லென்று இருக்கிறதா? இவை எதுவும் இல்லை, தொட்டால் சீறுகிறது என்றால் நல்ல குஞ்சு. அன்று பொழுது சாயும் முன்னே பொந்தில் வைத்துவிடுங்கள்.

"மனுஷன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடுமே" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. கூகைக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாது. குஞ்சு குரல் கொடுத்தால் தாய் இரையோடு வந்துவிடும்.

மரமே சாய்ந்துவிட்டதா? பக்கத்தில் உள்ள மரத்திலோ கொட்டகைச் சுவரிலோ, பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேலே ஒரு மரப்பெட்டியைக் கட்டுங்கள். இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும். வாசல் 6 அங்குலம் போதும். வாசலுக்கும் பெட்டித் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு மறுபடியும் விழும். மழைத் தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் போடுங்கள். அண்ணன் தம்பி குஞ்சுகள் எல்லாவற்றையும் ஒன்றாகவே வையுங்கள். ராத்திரி தூரத்தில் நின்று கவனியுங்கள். தாய் வந்து போனால் உங்கள் வேலை முடிந்தது. விடியும் வரை எதுவும் வரவில்லை என்றால், வேறு உதவி தேடவேண்டும்.

அடிபட்ட குஞ்சுக்கு

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், எண்ணெய், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். இறகில் எண்ணெய் ஏறினால் பறக்க முடியாமல் போகும். முறிந்த இறக்கையை நீங்களாகக் கட்டாதீர்கள். கோழிக்குக் கட்டிப் பழக்கம் இருந்தாலும் வேண்டாம். தப்பான கட்டு இறக்கையை நிரந்தரமாக முடக்கிவிடும். நைலான் வலையில் சிக்கியிருந்தால் இழுக்காமல், நூலைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பூனை கடித்திருந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டவேண்டும். பூனைப் பல்லில் உள்ள கிருமி பறவையைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை விரித்து உள்ளே வையுங்கள். மூடிவிட்டு, இருட்டாகவும் சத்தம் இல்லாமலும் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். குஞ்சு சில்லிட்டிருந்தால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடாகும் முன் இரை கொடுக்கவே கூடாது, செரிக்காது.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய் அந்த இடத்திலேயே செத்துவிடும். பால், சோறு, ரொட்டி எதுவும் ஆகாது. கூகைக்குத் தேவையான தண்ணீர் இரையிலேயே இருக்கிறது. ஒப்படைப்பதற்கு ஒரு நாள் தாமதம் ஆகும் என்றால், கிட்டியில் விழுந்த எலியைத் துண்டு போட்டு, எலும்போடு சேர்த்துக் கொடுக்கலாம். கண் திறக்காத சின்னக் குஞ்சு என்றால் முடியை நீக்கிவிட்டுச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். வெறும் கறியை மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துவிடும். மருந்து வைத்துச் செத்த எலியைக் கனவிலும் கொடுக்காதீர்கள்.

அடுத்தபடி, தகவல் சொல்லுங்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லலாம், கால்நடை மருந்தகத்துக்கும் கொண்டு போகலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மனுஷன் கையிலேயே வளர்ந்த குஞ்சு மனுஷனையே தாய் என்று நினைத்துக்கொள்ளும். எலி பிடிக்கத் தெரியாது, நாயைக் கண்டு பயப்படாது. வெளியே விட்டால் பட்டினி கிடந்து சாகும். அதனால் பிள்ளைகள் கூடி நின்று கொஞ்ச வேண்டாம், செல்போனில் படம் பிடிக்கவும் வேண்டாம். மந்திரத்துக்கு வேண்டும் என்று யாராவது விலை பேசிக்கொண்டு வந்தால், அந்த ஆளைப் பற்றியும் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

குஞ்சை அநாதை ஆக்குவது யார்?

ஒரு விஷயம் பாக்கி இருக்கு. குஞ்சுகள் அநாதையாவதற்கு நாம் வைக்கிற எலி மருந்தும் ஒரு காரணம். சில மருந்துகளைத் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலிதான் கூகைக்குச் சுலபமாக அகப்படும். அதைக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டினால், தாயும் போச்சு, குஞ்சும் போச்சு. அடுத்த போகத்தில் எலி மட்டும் திரும்பி வரும், பிடிக்க ஆள் இருக்காது.

ஆகவே பக்கத்தில் கூகை குடியிருக்கிற வயலில் மருந்தைக் கடைசி வழியாக வையுங்கள். தஞ்சாவூர் கிட்டி வையுங்கள். வரப்பைச் சிறிதாக வெட்டிப் புல் மண்டாமல் வையுங்கள், எலி வளை தோண்ட இடம் கிடைக்காது. வளையைத் தோண்டிப் பிடிக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால், தினமும் காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நடவு முடிந்ததும் வயலில் அங்கங்கே தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள். கூகை வந்து உட்கார்ந்து எலியைப் பார்க்க அதுவே போதும்.

பொந்துள்ள பட்ட மரம் விறகுக்கு என்ன விலை போகும்? அதில் ஒரு கூகைக் குடும்பம் இருந்தால், குஞ்சு பறக்கிற வரைக்குமாவது அந்த மரத்தை விட்டு வையுங்கள். வெட்டும் முன்னே அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள், கீழே கறுப்பு உருண்டை கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதப் பொறுமைக்கு அது கொடுக்கிற கூலி உங்கள் களத்து மேட்டில் தெரியும்.