கிரகணமும் புகையிலையும்

(கிராமப் பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் இன்னும் பிறக்காத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, வாயும் கிடையாது. ஆகையால் நாம்தான் பேசியாக வேண்டும்.

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம் பிடித்தது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். அப்பொழுது என் தங்கை ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாய் எங்கள் வீட்டிலிருந்தாள். என் தாயார் அவளை ஓர் அறையில் அடைத்து, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, கிரகணம் விடுகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெளிச்சம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம்! பகுத்தறிவு பேசுகிற நான் சும்மாயிருப்பேனா? அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்து, சந்திரனுடைய நிழல் பூமியில் விழுவதுதான் கிரகணமென்று பெரிய பிரசங்கமே செய்தேன். பிரசங்கம் முடிவதற்குள் நாலு பீடி முடிந்தது. தங்கை இருமிக்கொண்டே, “அண்ணே, அம்மா சூரியனைச் சாக்குப் போட்டு அடைச்சிருச்சு, உன் பீடியை யாரு அடைக்கிறது?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கரு உண்டான முதல் இரண்டு மாதங்களுக்குள்ளாகவே பிள்ளையின் மேலுதடு கூடிவிடுகிறது. அப்படியிருக்க, ஏழாவது மாதத்தில் வந்த கிரகணம், முன்பே கூடிப்போன உதட்டை எப்படிப் பிளக்கும்? ஆனால் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய் புகை பிடிப்பது உதட்டுப் பிளவுக்கு ஒரு காரணம் என்று அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி 2014-ல் வெளியிட்ட அறிக்கை முடிவு கூறுகிறது. அது ஒன்றுதான் காரணமென்று நான் சொல்லவில்லை; குலவழியும் மற்றவையும் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களில் கிரகணம் இல்லை, புகை இருக்கிறது. நாமோ சூரியனுக்குச் சாக்குக் கட்டிவிட்டு, புகையிலைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்!

புகையிலை செய்கிற வேலை என்ன? அதிலுள்ள நிகோடின் என்னும் நஞ்சு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. வளர்கிற மூளையையும் நுரையீரலையும் கெடுக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மூச்சுக்குத் திண்டாடுகிறது. ஆகவே எடை குறைந்தும், மாதம் நிறையாமலும், சில சமயம் உயிரில்லாமலும் பிறக்கிறது.

“நம் பெண்கள் எங்கே சுருட்டுப் பிடிக்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற தாய்மார் எத்தனை பேர்? பம்பாயில் 1217 கர்ப்பிணிகளைக் கவனித்து 2004-ல் வெளியான ஆராய்ச்சியில், புகை பிடிக்காமல் வேறு விதமாகப் புகையிலை உபயோகித்தவர்களுடைய பிள்ளைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்து பிறந்ததாகக் கண்டார்கள். நெருப்பு வைக்காவிட்டாலும் புகையிலை புகையிலைதான்.

“என் பாட்டி புகையிலை போட்டுக்கொண்டே பத்துப் பெற்றாளே!” என்பார் ஒருவர். அந்தப் பத்தில் எத்தனை நிலைத்தன என்று அவரையே கேளுங்கள். “இது முன்னோர் வழக்கம்” என்பார் இன்னொருவர். அமெரிக்காவில் விளைந்த செடியைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து ஐந்நூறு வருஷங்கூட ஆகவில்லை; இதற்குள் முன்னோர் எங்கே வந்தார்கள்?

தோழர்களே! இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டிரை அதட்டாதீர்கள். மென்று பழகியவளுக்கு விடுவது கஷ்டம். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள், கூட நில்லுங்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே விட்டவர்களுடைய பிள்ளைகள் ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளின் எடையோடேயே பிறக்கின்றன. பிந்தி விட்டாலும் நன்மைதான். ஆனால் முதலில் விடவேண்டியவன் ஆண்பிள்ளை. அவன் ஊதுகிற புகையும் அவள் மூச்சில் சேர்ந்து பிள்ளைக்குத்தான் போகிறது.

என் தங்கைக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. அதற்குச் சாக்கும் காரணமல்ல, என் பிரசங்கமும் காரணமல்ல. அபாயமென்றால் எல்லோரையும் அடித்தே தீரும் என்பதல்ல. யாரை அடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே. அன்று நான் பீடியை விட்டேன். அடுத்த கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோறு போடுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள், வீட்டிலுள்ள பீடிக்கட்டையும் புகையிலையையும் வெளியே எறியுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.