வைரம் தேரும் வகை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனியில் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானதும் வைரத்தோட்டுக்காகச் சேமிப்பைக் கரைக்காத இல்லம் அரிது. கடையில் நாம் முதலில் வினவுவது, "எத்தனை காரட்?" என்பதே. காரட் என்பது 200 மில்லிகிராம் எடை. அது தரத்தின் அளவன்று.

வைரத்தின் ஒளி பட்டை தீட்டும் திறத்தில் உள்ளது. அடிப்பாகத்தின் ஆழம் மிகினும் குறையினும், புகுந்த ஒளி கண்ணுக்குத் திரும்பாமல் கசிந்துவிடும். ஆழம் மிக்க கல்லில் எடைக்குப் பணம் கொடுக்கிறோம், ஒளியைப் பெறுவதில்லை. ஏறத்தாழ 191 காரட் இருந்த கோகினூர் வைரத்தை 1852-ஆம் ஆண்டு இலண்டனில் மீண்டும் பட்டை தீட்டி, 106 காரட் அளவிற்குக் குறைத்தனர். ஒளியின் பொருட்டே அவ்வளவு எடையை இழக்கத் துணிந்தனர்.

அடுத்து நிறம். மஞ்சள் சாயல் ஏற ஏற விலை இறங்கும். பொன்னில் பதித்த கல்லில் இச்சாயல் புலப்படாது. ஆதலால் பதிக்குமுன்னரே வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஏழுகல் தோடாயின் 14 கற்களும் ஒரே சாயலாக இருத்தல் வேண்டும்.

கல்லினுள் காணும் புள்ளியைத் தோஷமென்று அஞ்சுவோர் உளர். அது கல் விளைந்தபோது உண்டான அடையாளமே. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் மட்டும் தெரியும் புள்ளியால் அழகு குன்றாது.

இன்று ஆய்வுக்கூடத்தில் விளைவிப்பதும் உண்மை வைரமே. விலையோ மிகக் குறைவு. வெறுங்கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆகவே சான்றிதழ் பெறாமல் வாங்காதீர்கள்.

சம்பந்தி வீட்டார் மெச்சக் கடன்பட்டுப் பெருங்கல் பூட்டுவதினும், கையிருப்புக்கேற்ற சிறுகல்லைத் தேர்ந்து பூட்டுதலே பெண்ணுக்கும் பெற்றோர்க்கும் நலம்.