ஆகாய விமானமும் காலாட்படையும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "விமானம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தானே வெற்றி? தரையில் துப்பாக்கி தூக்கி நடக்கிறவனுக்கு இனி என்ன வேலை?" பக்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளர் தோழர் விடவில்லை. "மேலே பறக்கிறவன் எப்போதாவது கீழே இறங்கித்தானே ஆகவேண்டும்? அவனால் என்ன செய்துவிட முடியும்?" என்றார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை நம்பிப் போர்க்களம் போனவர்கள் அழிந்திருக்கிறார்கள். ஆகவே இன்று அதையே பேசுகிறேன். வியட்நாமை வைத்துப் பேசுகிறேன். அந்நாட்டு ஜனங்கள் இந்தக் கேள்விக்கு 20 வருஷங்களுக்கு மேல் தங்கள் உடம்பாலேயே பதில் சொன்னார்கள்.

1953 நவம்பர் 20ந் தேதி, வியட்நாமின் வடமேற்கு மூலையில் டியன் பியன் பூ என்ற பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை பாராசூட்டில் குதித்தது. சுற்றிலும் மலை, நடுவே நெல் வயல், பழைய விமான ஓடுதளம் ஒன்று. ஹனாயிலிருந்து வான்வழியே சுமார் 300 கிலோமீட்டர். பிரெஞ்சுத் தளபதி நவார் போட்ட கணக்கு இதுதான்: சாலை கையில் இல்லாவிட்டால் பரவாயில்லை, அரிசி, குண்டு, மருந்து, ஆள் எல்லாம் ஆகாயத்தில் வந்து சேரும். எதிரியிடம் விமானமே கிடையாது. கனத்த பீரங்கிகளை அவனால் இந்த மலைக் காட்டுக்குள் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் நொறுக்கிவிடலாம்.

காகிதத்தில் கணக்கு சரிதான். சுமை தூக்குகிறவனை அதில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டரை லட்சம் ஜனங்கள், ஆணும் பெண்ணும், அந்தப் போருக்குச் சுமை தூக்கினார்கள். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் மலை ஏறின. சைக்கிள் என்றதும் மிதித்துப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். கைப்பிடியில் ஒரு மூங்கில் கழி, திருப்புவதற்கு. ஆசனத்தண்டில் இன்னொரு கழி, தள்ளுவதற்கு. ஒரு வண்டியில் 200 கிலோ அரிசி. மூட்டை கட்டிய சைக்கிளை மேட்டில் தள்ளியவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். பகலில் விமானம் சாலையில் குண்டு போடும், இரவில் பள்ளத்தை மூடுவார்கள், வண்டி நகரும். அந்தச் சைக்கிள்களில் பல பிரெஞ்சுக் கம்பெனி செய்தவை என்பது ஒரு வேடிக்கை.

பீரங்கிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். 1954 ஜனவரி கடைசியில் தாக்குதல் என்று முடிவாகியிருந்தது. கடைசி நேரத்தில் தளபதி ஜியாப் நிறுத்தினார். அவர் முன்பு சரித்திர வாத்தியார். அவசரப்பட்டால் தோற்போம் என்று கண்டார். ஏற்றிய பீரங்கிகளை இறக்கச் சொன்னார். வாரக்கணக்கில் கை தேய இழுத்தவர்களிடம் அப்படிச் சொல்வது லேசான காரியமா? என்னைக் கேட்டால், அந்த யுத்தத்தில் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது அதுதான். இறக்கும்போது ஒரு பீரங்கி பிடி நழுவி உருண்டது. தோ வின் தியென் என்ற வீரர் சக்கரத்தின் முன் தம் உடம்பையே கொடுத்து அதை நிறுத்தி இறந்தார்.

பிறகு மலைச்சரிவில் குகை தோண்டிப் பீரங்கிகளைப் பதுக்கினார்கள். மார்ச் 13ந் தேதி மாலை அவை முழங்கின. முதல் குன்று அன்றிரவே விழுந்தது. குண்டு எங்கிருந்து வருகிறதென்று விமானிகளுக்குத் தெரியவில்லை. எதிரியின் பீரங்கிகளை ஒடுக்கிவிடுவேன் என்று வாக்களித்திருந்த பிரெஞ்சுப் பீரங்கிப்படைத் தலைவர் பிரோத், சில நாளில் கையெறிகுண்டால் தற்கொலை செய்துகொண்டார். மார்ச் முடிவதற்குள் ஓடுதளம் உபயோகமற்றுப் போயிற்று. காயம்பட்டவனைக்கூட வெளியே எடுக்க வழியில்லை. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குப் பயந்து உயரத்திலிருந்தே சாமான்களைப் பாராசூட்டில் போட்டார்கள். முற்றுகை இறுக இறுக அவற்றில் ஒரு பகுதி எதிரி பக்கமே விழுந்தது, பீரங்கிக் குண்டுகளும்தான்.

56 நாள். மே 7ந் தேதி கோட்டை வீழ்ந்தது. சுமார் 10,000 பேர் சிறைப்பட்டனர். மறுநாள் ஜெனீவாவில் இந்தோ-சீனா பற்றிய பேச்சு தொடங்கிற்று. வியட்நாமியர் பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்லக்கூடாது.

பிறகு அமெரிக்கா வந்தது. 1965 மார்ச் முதல் 1968 அக்டோபர் முடிய வடக்கே விடாமல் குண்டு வீசிற்று. ஆனால் குண்டுபோடத் தக்க பெரிய ஆலைகள் அந்நாட்டில் கொஞ்சம். ஆயுதம் வந்தது சோவியத் யூனியனிலும் சீனாவிலும் இருந்த ஆலைகளிலிருந்து; அவற்றின்மேல் கைவைக்க வாஷிங்டனுக்குத் துணிவில்லை. மிச்சம் சாலையும் பாலமும். தான் ஹுவா அருகே ஹாம் ரோங் பாலத்தை 1965 ஏப்ரல் 3ந் தேதி முதன்முதலாகத் தாக்கினார்கள். அது ஒரேயடியாகப் பயனற்றுப் போனது 1972ல், லேசர் கதிர் வழிகாட்டும் புதிய குண்டு வந்த பிறகு. டோங் லோக் என்ற சாலைச் சந்திப்பில் பள்ளம் மூடும் வேலையிலிருந்த 10 இளம் பெண்கள் 1968 ஜூலை 24ந் தேதி குண்டுக்குப் பலியானார்கள். சாலை மட்டும் அடைபடவில்லை.

மண்வெட்டியால் மட்டுமே ஜெயித்தார்கள் என்று சிலர் பேசுவார்கள். அது சரியல்ல. சோவியத் ராக்கெட்டுகள் வேண்டியிருந்தன. 1972 டிசம்பரில் ஹனாய்மீது பி-52 விமானங்கள் வந்தபோது 15 விமானங்கள் வீழ்ந்ததாக அமெரிக்காவே ஒப்புக்கொண்டது. ஆனாலும் காம் தியென் தெருவில் வீடுகள் தரைமட்டமாயின.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதே 1972 மார்ச் 30ந் தேதி வடக்குப் படை டாங்கிகளோடு பகிரங்கமாகத் தெற்கே இறங்கிற்று. இம்முறை மறைவு இல்லை. டாங்கியும் லாரியும் சாலையில் வரிசையாகத் தெரிந்தன. எதிரே காலூன்றி நின்ற தென் வியட்நாம் சர்க்காரின் தரைப்படை வழி மறித்தது; மேலிருந்து பி-52 அடித்தது. அன் லோக், கோன்தும் ஊர்களைப் பிடிக்க முடியவில்லை. ஸ்பின்னிங் தோழரே, விமானத்தின் முழுப் பலம் இங்கேதான் தெரியும்: கீழே எதிரியைக் கூட்டமாக நிறுத்திவைக்க ஒரு தரைப்படை இருந்தால் அது பயங்கர ஆயுதம். 1973 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சை அந்நாட்டுக் காங்கிரஸ் சபை நிறுத்தியது. விமானத்தையே நம்பிப் பழகிய தெற்குப் படை, 1975 வசந்தத்தில் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரல் 30ந் தேதி சைகோன் அரண்மனைக் கதவை இடித்துக்கொண்டு போனது ஒரு டாங்கி.

மேலே பறக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்ட தோழருக்கும் பதில் சொல்லவேண்டும். பக்கத்து லாவோஸில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. பந்தளவுள்ள சிறுகுண்டுகள் கோடிக்கணக்கில் வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. அவற்றைப் போட்டவனின் யுத்தம் முடிந்து 50 வருஷம் ஆகிவிட்டது. அங்கே வயலில் மண்வெட்டி போடுகிற கூலியாள் இன்றும் அந்தக் குண்டில் சாகிறான்.