அரையர் குல்லாயும் ஆழ்வார் திருவுள்ளமும்



நாடகமேடையில் முதற்கண் பேசுவது உடையே ஆகும். நடிகன் வாய் திறவாமுன்னரே முடி அரசனையும், சடை முனிவனையும் அறிவித்துவிடும். பழைய நெல்லைச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள், எமனாக நின்ற கோலத்தைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைந்தாள் என்றும், அதன் பின்னர் அவர் வேடம் புனைவதை விடுத்து நாடக ஆசிரியராகவே அமைந்தார் என்றும் நாடக உலகம் கூறும். உடையின் ஆற்றல் அத்தகையது.

அந்நெல்லை நாட்டிலேயே, பொருநைக் கரையின் ஆழ்வார்திருநகரியில், வேறொரு மரபு விளங்குகின்றது. நாதமுனிகள் தம் மருகர் இருவர்க்குப் பயிற்றியதாகப் போற்றப்பெறும் அரையர் சேவையே அது. திருவரங்கத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இதனைக் காணலாம்.

அரையர் என்பதற்கு அரசர் என்பது பொருள். செவிகளை மூடித் தொங்கும் மடிப்புகளையுடைய கூம்பிய நெடுங்குல்லாய், பெருமாள் சூடிக் களைந்த மாலை, கையில் தாளம் ஆகிய இவையே அவர்தம் கோலம். முத்துக்குறியில் அவர் ஒருவரே காதலால் மெலியும் மகளாகின்றார், கவலையுறும் தாயாகின்றார், முத்துப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் ஆகின்றார். சேலையில்லை, வளையில்லை, குல்லாயும் மாறுவதில்லை.

இஃது எதனால்? திருவாய்மொழியின் நூறு திருப்பதிகங்களுள் 27, பெண் கூற்றாய் அமைந்தவை. மகள் கூற்று 17, தாய் கூற்று 7, தோழி கூற்று 3 என்பர். பராங்குச நாயகியாகப் பாடிய நம்மாழ்வார் உள்ளத்தாலேயே பெண்ணானார், உடையால் அன்று. அவ்வுள்ளத்தைக் காட்ட வந்தவர் உடை மாற்றி மாற்றி வந்தால், காண்போர் கண் உடையிலேயே நின்றுவிடும். மாறாத கோலத்தில் கண் முகக்குறிப்பைப் பற்றும். செவி பாசுரத்தைப் பற்றும். தோளில் கிடக்கும் மாலையோ, பாத்திரம் எதுவாயினும் ஆடுபவர் இறைவனுக்கு அடியார் என்பதைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். நாடகத்தின் கருப்பொருளும் அதுவேயன்றோ?

இம்மரபைக் காத்து வருவோர் ஒரு சில குடும்பத்தினரே. கோபுரம் புதுக்கிய கொடைச் செல்வர்கள் மார்கழியில் அரையர்முன் அமர்ந்து பொருளுணர்ந்து கேட்போராகவும் ஆதல் வேண்டும். உணர்வார் இல்லாவிடத்து அக்குல்லாய் வெறுந்துணியே. உணர்வார் முன்னிலையில் அதுவே ஆழ்வார் திருவுள்ளத்தின் மணிமுடி.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.